தோண்டிய கரிசல் மண்ணையே பேஸ்மட்டத்துக்குள் நிரப்பலாமா?

"காய்ந்தால் கல் மாதிரி இருக்கிறதே, நாலு மழைக்கு நனைந்தால் பலம் எங்கே போய்விடும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். 2016-இல் நானும் இதையேதான் சொன்னேன்.

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் வீடு. அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டும்போது கடப்பாரை 'டங்' என்று தெறித்தது. இதற்கு மேல் என்ன கெட்டி வேண்டும் என்று மூன்றடியில் நிறுத்தச் சொன்னேன். சரளை லோடு விலையைக் கேட்டதும், தோண்டிய மண்ணையே உள்ளே தள்ளி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இடித்தோம். கொத்தனார் தலையைச் சொறிந்தார். நான்தான் கேட்கவில்லை.

முதல் மழைக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் கோடையில் ஹால் டைல்ஸ் தட்டினால் பொத்பொத்தென்று ஓசை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல். பங்குனியில் அதில் ஐந்து ரூபாய்க் காசு நுழையும், கார்த்திகையில் நுழையாது.

அப்புறம் மண் பரிசோதனைக்கு வந்த தம்பி சொல்லித்தான் புரிந்தது. காய்ந்த களிமண்ணின் கெட்டி, நுண்துளைகளில் மிஞ்சிய ஈரம் துகள்களை இழுத்துப் பிடிப்பதால் வருவது. மழை இறங்கினால் அந்தப் பிடி விட்டுப்போகும். காயும்போது மண் வெடிக்கிறது, அடுத்த மழை அந்த வெடிப்பு வழியே இன்னும் ஆழம் போகிறது. துகள்களின் ஒட்டுதல்தான் அதிகம் அடிபடும், உராய்வு அவ்வளவு மாறாது. இப்படி நனைந்து காயும் முதல் நாலைந்து சுற்றிலேயே பலத்தில் பெரும்பாலான இழப்பு முடிந்து, பிறகு ஓரளவு நிலைக்கும்.

"காலங்காலமாக நனைந்து காய்ந்த மண் புதிதாக எதை இழக்கும்?" என்று சிவில் படித்தவர்கள் வருவீர்கள், தெரியும். மேல்மண் ஏற்கெனவே தளர்ந்ததுதான். ஆனால் தோண்டிக் கொட்டி இடித்தது புதுக்கணக்கு, அதற்கு முதல் சுற்றிலிருந்து ஆரம்பம். நான் பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார். தப்பிருந்தால் திருத்துங்கள், திட்டாதீர்கள்.

நீங்கள் சரளையே நிரப்புங்கள். அஸ்திவாரத்துக்கு அண்டர்ரீம்டு பைல் விசாரியுங்கள். மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் தூண் அது; அடியில் குமிழ் போல விரிந்து, பெரும்பாலும் மூன்றரை மீட்டர் ஆழத்தில், ஈரம் அதிகம் மாறாத மண்ணில் உட்காரும். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டிட ஆராய்ச்சி நிலையம் கரிசலுக்காகவே வளர்த்தெடுத்த முறை.

என் மச்சான் மட்டும் ஈசானிய மூலைக் கழிவறைதான் காரணம் என்று அடித்துச் சொன்னார். இடித்து மாற்றினோம், நாற்பதாயிரம் செலவு. இந்தப் பங்குனியிலும் காசு நுழைந்தது. அவர் இப்போது வாசற்படியைப் பார்க்கிறார்.