ஆட்டம் முடிந்த பின் என்ன மிஞ்சுகிறது? மறைக்கல்வி வகுப்பும் வீடியோ கேமும்

கேள்வி: தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு பங்கில் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு மறைக்கல்வி (கத்தோலிக்கச் சமயப் பாடம்) கற்பிக்கிறேன். சனிக்கிழமை நள்ளிரவு தாண்டியும் ஃப்ரீ ஃபயர் என்ற கைப்பேசித் துப்பாக்கி விளையாட்டை ஆடிவிட்டு வருவதால், ஞாயிறு திருப்பலிக்குப் பிந்தைய வகுப்பில் பாதிப் பேர் தூங்கி வழிகிறார்கள். “அது சாத்தானின் வேலை, கோவிலில் கண்டித்துச் சொல்லுங்கள்” என்கிறார்கள் சில பெற்றோர். பங்குத்தந்தையோ, மே மாத விடுமுறை முகாமில் வீடியோ கேம் ஒன்றையே பாடமாக வைத்துப் பார்க்கலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? வைத்தால் எந்த விளையாட்டை வைப்பது?

பதில்: பெற்றோரும் பங்குத்தந்தையும் எதிரெதிராகப் பேசுவதாகத் தோன்றினாலும், இரு தரப்பாரின் கண்ணும் திரையில் தெரியும் படத்தின் மீதுதான் இருக்கிறது. துப்பாக்கி தெரிந்தால் தீது, சிலுவை தெரிந்தால் நன்று என்ற அளவுகோலை வைத்துக்கொண்டு இந்தக் கேள்விக்குள் நுழைந்தால், நல்ல விளையாட்டுகள் சிலவற்றை விரட்டிவிட்டு, மோசமான சிலவற்றை நடுக்கூடத்தில் உட்கார வைத்துவிடுவோம். வேறோர் அளவுகோல் நம் மரபிலேயே இருக்கிறது. அது ஏறத்தாழ 500 ஆண்டுகள் பழையது.

1521-ஆம் ஆண்டு ஸ்பெயினின் பம்ப்லோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் சிதைந்த இஞ்ஞாசியார் (பின்னாளில் இயேசு சபையை நிறுவிய புனிதர்), லொயோலாவில் குடும்ப வீட்டில் மாதக்கணக்கில் படுத்துக்கிடந்தபோது, பொழுதுபோக்க மாவீரர்களின் சாகசக் கதைகளைக் கேட்டார். வீட்டில் அவை இல்லை. கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வரலாறுமே இருந்தன. அவர் இவற்றையும் படித்தார். இடையிடையே, ஓர் உயர்குலப் பெண்ணுக்காகத் தாம் செய்யப்போகும் வீரச் செயல்களை இரண்டு, மூன்று, நான்கு மணி நேரம் கூடப் போவது தெரியாமல் கற்பனை செய்துகொண்டும் கிடந்தார். (உங்கள் மாணவர்களின் சனிக்கிழமை இரவு நினைவுக்கு வரலாம்.) இரண்டு வகைக் கற்பனையும் அந்தந்த நேரத்தில் இன்பமாகவே இருந்தன என்பதை அவர் ஒளிக்கவில்லை. ஆனால் வீரச் செயல்களின் கற்பனை முடிந்த பிறகு மனம் வறண்டு சலித்துக் கிடந்ததையும், புனிதர்களைப் போல வாழ்வதாகச் செய்த கற்பனை முடிந்த பிறகும் மகிழ்ச்சி நீடித்ததையும் ஒருநாள் கவனித்தார். இஞ்ஞாசிய மரபில் ‘தேர்ந்து தெளிதல்’ என்று நாம் சொல்வது இந்தக் கவனிப்பிலிருந்துதான் தொடங்கியது.

ஆகவே “இந்த விளையாட்டு நல்லதா?” என்று கேட்பதை விட, “இதை நிறுத்திய பிறகு உனக்குள் என்ன மிஞ்சியது?” என்று மாணவனிடம் கேட்பது பயனுள்ளது. ஒரு வாரம், ஆடி முடித்த ஐந்து நிமிடத்துக்குள் ஒரே வரி எழுதி வரச் சொல்லுங்கள்: சிரிப்பா, எரிச்சலா, வெறுமையா, இன்னும் ஒரு ஆட்டம் என்ற அரிப்பா? திருத்தாதீர்கள், மதிப்பெண்ணும் போடாதீர்கள். நான் ஆசிரியர் பயிற்சிகளில் இதைச் செய்ய வைத்திருக்கிறேன். ஆட்டத்தைக் காட்டிலும் ஆட்டத்தோடு வரும் அரட்டையில் வாங்கிய வசவுதான் மனத்தில் தங்கியது என்று எழுதியவர்களும் உண்டு. உரையாடல் அங்கிருந்து தொடங்கட்டும்.

இனி, எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு வருவோம். விளையாட்டு கற்பிப்பது அதன் கதையால் அன்று, பெரும்பாலும் அதன் விதிகளால். இதைப் புரிந்துகொள்ள நம் ஊர்ப் பரமபதமே போதும். வைகுண்ட ஏகாதசி இரவில் ஆடப்படும் அந்தப் படத்தில் ஏணிகளுக்கு நற்பண்புகளின் பெயரும் பாம்புகளுக்குத் தீய குணங்களின் பெயரும் சூட்டுவது மரபு. பெயர்களை அழித்துவிட்டு விவிலியப் பெயர்களை எழுதி நாமும் வகுப்பில் பயன்படுத்துகிறோம். ஆனால் ‘மன்னிப்பு’ என்ற ஏணியில் சிறுவன் ஏறுவது அவன் யாரையோ மன்னித்ததால் அல்ல, தாயக்கட்டையில் நான்கு விழுந்ததால். பெயர்ப்பலகை அறத்தைச் சொல்கிறது, விதி அதிர்ஷ்டத்தைச் சொல்கிறது. கை பழகுவது விதியைத்தான். விவிலிய வினாடி வினாச் செயலிகளின் நிலையும் இதுவே. அவை மனப்பாடத்துக்கு உதவும். அதற்கு மேல் அவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது.

விதிக்கும் வேடத்துக்கும் உள்ள முரணுக்குப் பெரிய எடுத்துக்காட்டு, 2006-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘லெஃப்ட் பிஹைண்ட்: இட்டர்னல் ஃபோர்சஸ்’ என்ற விளையாட்டு. கிறிஸ்தவர்களுக்காகக் கிறிஸ்தவர்கள் செய்தது. உலக முடிவுக் காலத்து நியூயார்க் நகரில், எதிர்க்கிறிஸ்துவின் படைகளோடு மோதுவது அதன் கதை. எதிரியைக் கொன்றால் உங்கள் வீரனின் ஆவிக்குரிய மதிப்பு குறையும். இறைவேண்டல் செய்ய வைத்தால் மீண்டும் ஏறிக்கொள்ளும். கொலைக்கு ஓர் இழப்பு வைத்தோம் என்று செய்தவர்கள் நினைத்திருக்கலாம். ஆனால் அந்த விதியைப் பத்து முறை கையாண்ட பிள்ளையின் கையில், இறைவேண்டல் ஒரு சார்ஜராக மாறிவிடுகிறது: சுடு, ஜெபி, மீண்டும் சுடு. நம் விசுவாசத்தைப் பற்றி இதைவிடத் தவறான ஒரு பாடத்தை எந்தத் துப்பாக்கி விளையாட்டும் கற்பிக்க முடியாது என்பது என் கருத்து.

இதற்கு நேர்மாறாக, கடவுளின் பெயரே உச்சரிக்கப்படாத ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்வோம். 2012-இல் வெளிவந்த ‘ஜர்னி’யில், அங்கி அணிந்த ஒரு பயணி பாலைவனத்தைக் கடந்து, தொலைவில் ஒளிரும் மலை உச்சியை நோக்கி நடக்கிறார், அவ்வளவே. வழியில் இணையம் வழியே இன்னொரு பயணி எதிர்ப்படலாம். அவருடைய பெயர் தெரியாது, பேசவும் முடியாது. ஓர் இசையொலி எழுப்பலாம். இதை வடிவமைத்த ஜெனோவா சென் பகிர்ந்துகொண்ட செய்தி ஒன்று மறைக்கல்வி ஆசிரியர்கள் அனைவரும் அறிய வேண்டியது. தொடக்கச் சோதனைகளில் ஒருவரை ஒருவர் உடலால் தள்ள முடிந்தது. ஆடியவர்கள் உடனே ஒருவரை ஒருவர் பள்ளத்தில் தள்ளத் தொடங்கினார்கள். அந்த மோதலை நீக்கிவிட்டு, தொட்டால் இருவருக்கும் பறக்கும் ஆற்றல் கிடைக்கும் என்று விதியை மாற்றியதும், மனிதர்கள் ஒருவரை ஒருவர் தேடிப்போய்ச் சேர்ந்து நடந்தார்கள். ஆட்டம் முழுவதும் சுமார் இரண்டு மணி நேரம். எம்மாவு வழியில் பெயர் தெரியாத ஒருவரோடு நடந்த சீடர்களைப் பற்றிய லூக்கா 24-ஐ, இதை ஆடிய பிறகு வாசித்துப் பாருங்கள். வகுப்பு தானாகப் பேசும்.

இறைவேண்டலையே நேராகத் தொடும் விளையாட்டும் உண்டு. ராயன் கிரீன், ஏமி கிரீன் என்ற கிறிஸ்தவத் தம்பதியர், மூளைப் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட தங்கள் மகன் ஜோயலைப் பற்றி உருவாக்கிய ‘தட் டிராகன், கேன்சர்’ 2016 ஜனவரியில் வெளிவந்தது. ஒரு வயதில் நோய் கண்டறியப்பட்ட அச்சிறுவன், 2014 மார்ச்சில், ஐந்து வயதில் இறந்தான். அதில் மருத்துவமனை அறைக் காட்சி ஒன்றில், நீர்ச்சத்து இழந்து அழும் குழந்தையோடு தந்தை தனித்திருக்கிறார். ஆடுபவர் எதை முயன்றாலும் அழுகை நிற்பதில்லை. எல்லாப் பொத்தான்களும் பயனற்றுப்போன பிறகு தந்தை இறைவேண்டல் செய்கிறார். அதன் பிறகுதான் அறை அமைதியாகிறது. ஆனாலும் மகன் பிழைப்பதில்லை. ‘லெஃப்ட் பிஹைண்ட்’ விளையாட்டில் இறைவேண்டல் ஒரு பொத்தான். இதில் பொத்தான்கள் தீர்ந்த இடம். யோபு நூலையோ கெத்சமனியையோ நடத்தும் ஆசிரியருக்கு இதைவிடக் கூர்மையான ஒப்பீடு கிடைப்பது அரிது. ஆனால் இதைப் பத்தாம் வகுப்புக்குக் கீழே காட்ட வேண்டாம். வீட்டில் அண்மையில் சாவு நேர்ந்த பிள்ளை வகுப்பில் இருந்தால், அவரிடமும் பெற்றோரிடமும் முன்கூட்டியே பேசாமல் தொடவே வேண்டாம்.

ஃப்ரீ ஃபயர் பற்றி. மாணவர்கள் இன்று இந்தப் பெயரில் சொல்வது பெரும்பாலும் அதன் மேக்ஸ் பதிப்பை. மூலப் பதிப்பு 2022 பிப்ரவரியில் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. சுடுவது போல் நடிப்பதே பாவம் என்று நான் சொல்லமாட்டேன். அப்படியானால் நம் ஊர்ப் பாஸ்காவில் (இயேசுவின் பாடுகளைக் காட்டும் நாடகத்தில்) யூதாசாக நடிப்பவரையும் சாட்டையால் அடிக்கும் படைவீரரையும் என்ன செய்வது? ஆனால் பாஸ்கா ஆண்டுக்கு ஒரு முறை, ஊரே கூடி அழுது முடிப்பது. இது ஒவ்வோர் இரவும் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை. அந்தப் பத்து நிமிடம்தான் தூக்கத்தைத் தின்பதும்: இன்னும் ஒன்று என்று சொல்ல வசதியான நீளம். என்னை உண்மையில் கவலைக்குள்ளாக்குவது துப்பாக்கியை விட டைமண்டும் (ஆட்டத்துக்குள் செலவிடும் நாணயம்) ஸ்கின்னும் (பாத்திரத்தின் அலங்கார உடை)தான். பணம் கட்டி டாப்-அப் செய்து, சுழலும் சக்கரத்தில் எது விழும் என்று காத்திருக்கும் ஏற்பாடு சூதாட்டத்தின் தங்கை. உயர்ந்த உடை இல்லாத மாணவனை நண்பர்கள் இளக்காரம் செய்வதும், அப்பாவின் கைப்பேசியிலிருந்து சொல்லாமல் பணம் போவதும் அங்கிருந்து தொடங்குகின்றன. பத்துக் கட்டளைகளில் ஐந்தாவதை (கொலை செய்யாதே) பற்றியே நாம் பேசிக்கொண்டிருக்க, மாணவர்கள் ஏழாவதிலும் (களவு செய்யாதே) பத்தாவதிலும் (பிறர் உடைமையை விரும்பாதே) தடுக்கி விழுகிறார்கள்.

‘சாத்தானின் வேலை’ என்ற சொல்லை மேடையிலிருந்து சொல்ல வேண்டாம் என்று பங்குத்தந்தையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதைக் கேட்ட மாணவன் ஆட்டத்தை விடுவதில்லை. ஆட்டத்தைப் பற்றி நம்மிடம் பேசுவதைத்தான் விடுகிறான். உண்மையிலேயே எல்லை மீறியவர்களுக்கு வேறு உதவி தேவை. உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் ‘கேமிங் கோளாறு’ இடம்பெற்றுள்ளது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக அதற்கே முதலிடம், தீங்கு தெரிந்தும் தொடர்வது ஆகியவை படிப்பையும் உறவையும் கடுமையாகக் குலைத்து, பொதுவாக 12 மாத அளவுக்கு நீடித்தால் அது நோய். தூங்கி வழிவது மட்டும் இந்த நோய் ஆகாது. சந்தேகம் இருந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸில் தொழில்நுட்பப் பயன்பாட்டுக்கென்றே ‘ஷட்’ என்ற தனிச் சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது. ஒப்புரவு அருளடையாளமும் (பாவசங்கீர்த்தனம்) வேண்டும், சிகிச்சையும் வேண்டும். ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைக்கக் கூடாது.

பெற்றோர் கூட்டத்தில், பதினைந்து வயதில் இறந்த இத்தாலியச் சிறுவர் புனித கார்லோ அகுதிஸை எடுத்துச் சொல்லலாம். 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோவால் புனிதராக அறிவிக்கப்பட்ட அவர், பிளேஸ்டேஷன் ஆடப் பிடித்தவர். வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தமக்குத் தாமே வரம்பிட்டுக்கொண்டவர். அவரைப் பிரம்பாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். வரம்பைப் பிறர் போடவில்லை, அவரே போட்டுக்கொண்டார் என்பதே அதில் செய்தி. உங்கள் மாணவர்களும் தவக்காலத்துக்குத் தங்கள் வரம்பைத் தாங்களே எழுதட்டும். பெற்றோரின் பங்கு, இரவில் எல்லாருடைய கைப்பேசியும், தங்களுடையது உட்பட, படுக்கையறைக்கு வெளியே இருக்கும்படி செய்வது.

மே முகாமுக்கு நான் முன்வைப்பது, கட்டிகளை அடுக்கி விரும்பியதைக் கட்டும் ‘மைன்கிராஃப்ட்’. இஞ்ஞாசியார் தம் ‘ஆன்மிகப் பயிற்சிகளில்’, நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குச் செல்லும் வழியின் நீளம், அகலம், அது சமவெளியா மேடுபள்ளமா, குகை பெரியதா சிறியதா என்று மனக்கண்ணில் பார்க்கச் சொல்கிறார். ஆயத்தப் படங்களைத் திரையில் காட்டும் விளையாட்டு இந்தப் பயிற்சியைச் சோம்பலாக்கிவிடும். பிள்ளைகளே கட்ட வேண்டிய விளையாட்டு அதைக் கூர்மையாக்கும். மைன்கிராஃப்டில் எல்லாம் கனசதுரக் கட்டிகள். ஒரு கட்டியை ஒரு முழம் என்று வைத்துக்கொண்டு, 1 அரசர்கள் 6-ஆம் அதிகாரத்தில் உள்ள சாலமோனின் கோவிலைக் கட்டச் சொல்லுங்கள்: நீளம் 60 முழம், அகலம் 20, உயரம் 30, உள்ளே திருத்தூயகம் 20-க்கு 20-க்கு 20, அதில் 10 முழ உயரமுள்ள இரண்டு கெருபுகள் (சிறகுள்ள வானவர் உருவங்கள்), சிறகுகள் சுவருக்குச் சுவர் தொடும்படி. ஆளுக்கொரு கைப்பேசி வேண்டாம். ஒரு கணினி, ஒரு புரொஜெக்டர் போதும். ஒருவர் விவிலியத்தை உரக்க வாசிக்க, ஒருவர் கட்ட, மற்றவர்கள் எண்ண, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். வழக்கமாக நாம் தாண்டிப்போகும் அந்த அதிகாரத்தை, ஒரு சுவர் பொருந்தாததால் அவர்கள் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள்.

கட்டிய கோவிலுக்குள் மெய்நிகர் திருப்பலி வைக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். கூடாது. இணையத்தில் அருளடையாளங்கள் இல்லை என்று வத்திக்கான் 2002-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. கடைசி நாள் கணினியை அணைத்துவிட்டு, எல்லாரும் கோவிலுக்குள் நடந்து, நற்கருணைப் பேழையின் முன் பதினைந்து நிமிடம் அமர்ந்திருப்பது போதும்.

ஒரு நடைமுறைக் குறிப்பு. திருத்தூயகத்துக்குள் விளக்கு வைக்க மாணவர்கள் கட்டாயம் விரும்புவார்கள். வேண்டாம் என்று சொல்லி, ஆண்டவர் காரிருளில் உறைவதாகச் சொன்னார் என்று சாலமோன் அறிக்கையிடும், அதே நூலின் 8-ஆம் அதிகாரம் 12-ஆம் வசனத்தை வாசிக்க வையுங்கள். தொடங்கும் முன் ஆட்டத்தின் கடினநிலையை ‘அமைதி’ என்பதில் வைக்க மறந்துவிடாதீர்கள்; இல்லாவிட்டால், இருட்டான எந்த அறையிலும் எலும்புக்கூடுகளும் நடமாடும் பிணங்களும் முளைக்கும் விதி அந்த விளையாட்டில் உண்டு, அவை கெருபுகளுக்கு நடுவிலேயே வந்து நிற்கும்.