எந்த டிரெய்லருக்கு எந்த வண்டி? கேள்வி பதில்

கோடை விடுமுறை நெருங்குவதால் டிராவல் டிரெய்லர் (வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போய் முகாமில் தங்கும் சக்கர வீடு) வாங்க நினைப்பவர்களிடமிருந்து நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (நியூ ஜெர்சி): எங்களிடம் மூன்று வரிசை எஸ்யூவி இருக்கிறது. 5,000 பவுண்டு இழுக்கும் என்று கையேட்டில் போட்டிருக்கிறார்கள். நாங்கள் பார்த்திருக்கும் டிரெய்லரின் வெற்று எடை 4,200 பவுண்டு. விற்பவர் "தாராளமாக இழுக்கும்" என்கிறார். நாங்கள் இரண்டு பெரியவர்கள், மூன்று பிள்ளைகள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பேர் இதே இடத்தில்தான் தவறுகிறார்கள்.

4,200 என்பது தொழிற்சாலையிலிருந்து வெறுமனே வெளியே வரும்போது உள்ள எடை. அந்த எடையில் யாரும் முகாமுக்குப் போவதில்லை. ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டுக்குச் சற்று மேல். 30 கேலன் தொட்டியை நிரப்பினாலே 250 பவுண்டு. இரண்டு கேஸ் சிலிண்டர், பேட்டரி, பாத்திரங்கள், அரிசி பருப்பு, படுக்கை, நாற்காலிகள், பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் ஏறினால் 5,100 பவுண்டு வந்துவிடும். 5,000 வரம்பு அங்கேயே தாண்டிவிட்டது.

ஆனால் உங்களுக்கு அதைவிடப் பெரிய தடை வேறு இருக்கிறது. ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால், கதவுச் சட்டத்தில் மஞ்சள் நிறம் கலந்த ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பயணிகளும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அதுதான் பேலோடு. உங்கள் வண்டியில் அது 1,250 என்று எழுதியிருக்கிறீர்கள். வண்டியோடு டிரெய்லரை இணைக்கும் கொக்கிதான் ஹிட்ச். டிரெய்லர் தன் எடையில் ஒரு பங்கை அதன் பந்தின் மேல் அழுத்தும். இந்த டங் வெயிட் டிராவல் டிரெய்லருக்கு 10 முதல் 15 சதவீதம் வரை இருக்க வேண்டும். 5,100 பவுண்டுக்கு 12.5 சதவீதம் என்று வைத்தால் சுமார் 640 பவுண்டு. இது முழுவதும் உங்கள் வண்டியின் பேலோடிலிருந்து கழியும். ஐந்து பேருக்கு 650, ஹிட்ச் சாமான்களுக்கு 70, பின்னால் வைக்கும் பைகளுக்கு 100. மொத்தம் 1,460. வரம்பைவிட 210 பவுண்டு அதிகம்.

சரி, எதைத்தான் இழுக்கலாம்? முழுதாக ஏற்றிய பிறகும் 3,500 பவுண்டைத் தாண்டாத டிரெய்லராகப் பாருங்கள். 13 சதவீதம் என்று வைத்தாலும் அதன் டங் வெயிட் 455தான். பைகளை டிரெய்லரின் அச்சுக்கு மேலே வைத்துவிட்டால் உங்கள் வண்டியில் 1,175 பவுண்டுதான் ஏறும். கொஞ்சம் இடம் மிச்சமிருக்கும். பிள்ளைகள் வளர்வார்கள் என்பதையும் மறக்காதீர்கள்.

கேள்வி (ஸ்கார்பரோ, கனடா): அண்ணா, விளம்பரத் தாளில் உள்ள பேலோடும் என் கதவு ஸ்டிக்கரில் உள்ள எண்ணும் வேறு வேறாக இருக்கின்றன. எதை நம்புவது?

பதில்: ஸ்டிக்கரைத்தான். விளம்பரத் தாளில் இருப்பது அந்த மாடலிலேயே மிகவும் இலேசான வண்டிக்கான எண். சன்ரூஃப், நான்கு சக்கர இயக்கம், சொகுசு இருக்கைகள் என்று ஒவ்வொன்றாகச் சேரச் சேர வண்டியின் சொந்த எடை கூடும், பேலோடு குறையும். ஸ்டிக்கர் உங்கள் வண்டிக்கென்றே அச்சிடப்பட்டது. அதற்குப் பிறகு நீங்கள் மாட்டிய படிக்கட்டு, பிக்கப்பின் பின்பெட்டிக்கான மூடி போன்றவற்றையும் அதிலிருந்து கழிக்க வேண்டும். ஓட்டுநரும் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.

கேள்வி (டெக்சாஸ்): என் 'அரை டன்' வகைப் பிக்கப் 11,000 பவுண்டு இழுக்கும். டிரெய்லர் 30 அடி நீளம், மொத்த எடை வரம்பு 8,600. இதிலும் பிரச்சினை வருமா?

பதில்: உங்கள் ஸ்டிக்கரில் பேலோடு 1,600 என்கிறீர்கள். 8,600 பவுண்டில் 13 சதவீதம் 1,118. எடையைப் பகிரும் ஹிட்ச் (அடுத்த பதிலில் விளக்கியிருக்கிறேன்) 100 பவுண்டு வரும். மிச்சம் 382. அதற்குள் நான்கு பேரும் பின்பெட்டியில் உள்ள கருவிகளும் அடங்க வேண்டும். அடங்காது.

11,000 என்ற எண் பொய்யில்லை. அது எப்படி வந்தது என்று தெரிந்தால் குழப்பம் தீரும். எஸ்ஏஇ ஜே2807 என்ற பொதுச் சோதனை முறை இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் அணைக்குப் பக்கத்தில் ஏறும் நீண்ட மேட்டில், ஏசி போட்டுக்கொண்டு, வேகம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும் என்பது அதில் ஒரு பகுதி. எஞ்சின், பிரேக், சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) எல்லாவற்றையும் அது நன்றாகவே சோதிக்கிறது. ஆனால் வண்டியில் தலா 150 பவுண்டு எடையுள்ள இரண்டு பேர்தான் இருப்பதாகக் கணக்கு, டங் வெயிட்டும் 10 சதவீதம்தான். குடும்பத்தோடு போகிறவர்களின் கணக்கு அதுவல்ல. அதனால்தான் இழுவைத் திறனுக்கு வெகு முன்னாலேயே பேலோடு தீர்ந்துபோகிறது. டொயோட்டா 2011 மாடல்களிலேயே இந்த முறைக்கு வந்துவிட்டது, மற்றவர்கள் அப்புறம்தான் வந்தார்கள். பழைய பிக்கப் வாங்கினால் அதன் இழுவை எண்ணை இன்னும் எச்சரிக்கையாகப் பாருங்கள்.

இந்த டிரெய்லர்தான் வேண்டும் என்றால் அடுத்த பெரிய வகையான 'முக்கால் டன்' பிக்கப்பிற்குப் போங்கள். அங்கேயும் கதவைத் திறந்து பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள். டீசல் எஞ்சினின் எடையே அதிகம் என்பதால், சில டீசல் வண்டிகளின் பேலோடு நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக இருக்கும்.

கேள்வி (மிச்சிகன்): எடையைப் பகிரும் ஹிட்ச் மாட்டினால் பேலோடு கூடுமா?

பதில்: கூடாது. டிரெய்லர் பின்னால் அழுத்தும்போது சீசா பலகை போல வண்டியின் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். ஸ்டியரிங் பிடிப்பும் முன் பிரேக்கும் பலவீனமாகும். பகிரும் ஹிட்ச்சில் உள்ள கம்பிகள் சுமையில் ஒரு பகுதியை முன் அச்சுக்குத் திருப்பி அனுப்புகின்றன, கொஞ்சத்தை டிரெய்லர் அச்சுக்கும் தள்ளுகின்றன. வண்டி சமநிலைக்கு வரும், அவ்வளவுதான். உங்கள் வண்டியில் ஹிட்ச் செருகும் ரிசீவரில் ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். பகிரும் ஹிட்ச் இல்லாமல் எவ்வளவு எடை தாங்கும், இருந்தால் எவ்வளவு என்று பெரும்பாலும் இரண்டு எண்கள் இருக்கும். அதையும் பாருங்கள். சில வண்டிகளில் இந்த வகை ஹிட்ச்சையே போடக் கூடாது என்று கையேடு சொல்லும்.

கேள்வி (கன்சாஸ்): லாரி முந்திப் போகும்போது டிரெய்லர் பாம்பாக ஆடுகிறது. என் மனைவி இனி வரவே மாட்டேன் என்கிறார். எடை வரம்புக்குள்தான் இருக்கிறோம்.

பதில்: அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. சரிசெய்யும்வரை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

முதலில் டங் வெயிட்டை அளந்து பாருங்கள். பின்பக்க பம்பரில் சைக்கிள் ஸ்டாண்டு மாட்டியிருப்பதாகச் சொல்கிறீர்கள். அதுவே காரணமாக இருக்கலாம். அச்சுக்குப் பின்னால் கனம் ஏற ஏற முன்னால் அழுத்தம் குறையும். 10 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆட்டம் தொடங்கிவிடும். கனமான சாமான்களை அச்சுக்கு மேலோ சற்று முன்னாலோ, தரை மட்டத்தில் வையுங்கள். அடுத்தது டயர் காற்று, டிரெய்லருக்கும் வண்டியின் பின் சக்கரங்களுக்கும். மூன்றாவது வேகம். எஸ்டி என்று குறிக்கப்பட்ட டிரெய்லர் டயர்களில் பல 65 மைல் வேகத்துக்கே உருவாக்கப்பட்டவை. கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு 55 மைல்தான் சட்டம், அது நல்ல வேகம்.

ஓடும்போது ஆட ஆரம்பித்தால் வண்டியின் பிரேக்கை அழுத்தாதீர்கள், திடீரென்று ஸ்டியரிங்கைத் திருப்பாதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், பிரேக் கன்ட்ரோலரில் (டிரெய்லர் பிரேக்கை இயக்கும் கருவி) கையால் இயக்கும் நெம்புகோலைத் தள்ளி டிரெய்லர் பிரேக்கை மட்டும் போடுங்கள். டிரெய்லர் பின்னால் இழுபட்டு நேராகும். காலி மைதானத்தில் அந்த நெம்புகோலைக் கை தானாகத் தேடும்வரை பழகுங்கள்.

கேள்வி (மெல்பர்ன்): இங்கே எண்களெல்லாம் வேறு. என் யூட் (பிக்கப்பை இங்கே அப்படித்தான் சொல்வோம்) 3,500 கிலோ கேரவனை (டிராவல் டிரெய்லர்) இழுக்கும் என்கிறார்கள்.

பதில்: பெயர்தான் வேறு. ஏடிஎம் என்பது முழுதாக ஏற்றிய கேரவனின் எடை வரம்பு, பந்தின் மேல் இறங்கும் எடையும் அதில் அடக்கம். ஜிடிஎம்மில் அது சேராது. நீங்கள் கவனிக்க வேண்டியது ஜிசிஎம், அதாவது வண்டியும் கேரவனும் சேர்ந்த உச்சவரம்பு. உதாரணத்துக்கு ஜிசிஎம் 5,950 கிலோ என்றால், 3,500 கிலோ கேரவனை மாட்டியதும் யூட்டுக்கு 2,450தான் மிச்சம். யூட்டின் சொந்த எடையே 2,200 என்றால் ஆட்கள், புல்பார் (முன்பக்கப் பாதுகாப்புக் கம்பி), கூலர் பெட்டி எல்லாம் 250 கிலோவுக்குள். அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

கேள்வி (டென்வர்): ஐ-70 சாலையில் மலையேறும்போது எஞ்சின் திணறுகிறது.

பதில்: டர்போ இல்லாத எஞ்சின் 1,000 அடி உயரத்துக்கு ஏறத்தாழ 3 சதவீதம் பலத்தை இழக்கும். அந்தச் சாலையில் உள்ள ஐசன்ஹவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கு மேல் இருக்கிறது, மூன்றில் ஒரு பங்கு பலம் அங்கே இல்லாமல் போகும். டர்போவுக்கு அந்த இழப்பு மிகவும் குறைவு. ஏறும்போது மெதுவாகப் போனால் பரவாயில்லை. இறங்கும்போதுதான் கவனம் வேண்டும், உச்சியிலேயே கீழ் கியருக்கு வந்துவிடுங்கள்.

கேள்வி (சியாட்டில்): மின்சாரக் காரால் இழுக்கலாமா?

பதில்: பலத்துக்குக் குறைவில்லை. ஆனால் பெரிய டிரெய்லரை மாட்டினால் ஒரு சார்ஜில் போகும் தூரம் பாதியளவுக்குக் குறையும். பல சார்ஜிங் நிலையங்களில் டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். பக்கத்து ஊர் முகாம்களுக்குச் சரிப்படும்.

கேள்வி (ஓஹாயோ): இத்தனை கணக்கும் ஊகம்தானே? உண்மையான எடையை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: நெடுஞ்சாலை டிரக் நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் (CAT Scale) எடைமேடைகள் இருக்கின்றன. தண்ணீர், சாமான், குடும்பம் எல்லாவற்றோடும் பயணத்துக்குக் கிளம்புகிற மாதிரியே போங்கள். வண்டியின் முன் அச்சு ஒரு மேடையிலும், பின் அச்சு அடுத்ததிலும், டிரெய்லர் அச்சுகள் மூன்றாவதிலும் நிற்க வேண்டும். மூன்று முறை எடை போடுங்கள்: பகிரும் கம்பிகளை மாட்டி ஒருமுறை, கம்பிகளைக் கழற்றி ஒருமுறை, டிரெய்லரை விட்டுவிட்டு வண்டியை மட்டும் ஒருமுறை. இரண்டாவது எடைச் சீட்டில் வண்டியின் இரு அச்சுகளுக்கும் காட்டும் கூட்டுத்தொகையிலிருந்து மூன்றாவது சீட்டின் கூட்டுத்தொகையைக் கழித்தால் டங் வெயிட். மொத்தத்திலிருந்து வண்டியைக் கழித்தால் டிரெய்லர். முதல் சீட்டில் உள்ள ஒவ்வொரு அச்சின் எடையையும் கதவுச் சட்டத்தில் உள்ள அச்சு வரம்போடு ஒப்பிடுங்கள். பின் அச்சுதான் முதலில் மீறும். மீறினால் அங்கேயே நிறுத்தி, தண்ணீரைத் திறந்துவிட்டு, சாமான்களை இடம் மாற்றி, மறுபடியும் எடை போடுங்கள்.