சம்பளம் கூடுதல் என்றால் வழக்குப் போட முடியாதா?

வேலைநீக்கம் பற்றி நம் மாவட்டத்து நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

நாகர்கோவில்: அண்ணே, மென்பொருள் நிறுவனத்தில் மாதம் 1,40,000 ரூபாய் வாங்கினேன். ஒரே மெயிலில் நிறுத்திவிட்டார்கள். இவ்வளவு சம்பளக்காரனுக்குத் தொழிலாளர் சட்டம் பொருந்தாது என்கிறார் ஹெச்.ஆர்.

தம்பி, அதை நம்பாதே. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் 18,000 ரூபாய் என்ற வரம்பு மேற்பார்வை வேலை செய்பவருக்கு மட்டும்தான். பழைய சட்டத்தில் அது 10,000. தொழில்நுட்ப வேலைக்குச் சம்பள உச்சவரம்பே இல்லை. நீ கணினி நிரல் (கோடு) எழுதினாயா, இல்லை ஆட்களை எடுப்பது, நீக்குவது, லீவு கொடுப்பது உன் கையில் இருந்ததா? இதுதான் கேள்வி. முதலாவது என்றால் நீ சட்டப்படி தொழிலாளி; இரண்டாவது என்றால் மேலாளர், இந்தச் சட்டம் பொருந்தாது. ‘டீம் லீட்’ என்ற பட்டத்தை வைத்து முடிவு செய்ய மாட்டார்கள். ஆனால் தொழிலாளி என்று நிரூபிக்கும் பொறுப்பு உன்னுடையது. அதனால் நியமன ஆணை, தினமும் என்ன வேலை கொடுத்தார்கள் என்று காட்டும் மெயில்கள், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் இப்போதே எடுத்து வை. தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் போக இரண்டு வருடம்தான் அவகாசம். முன்பு மூன்று வருடம் இருந்தது.

தக்கலை: ஜவுளிக்கடையில் எனக்கு மேனேஜர் என்று பெயர். செய்தது பில் போடுவதும் ஸ்டாக் பார்ப்பதும். வழி உண்டா சார்?

உண்டு. 1994-ல் செருப்புக் கடைப் பொறுப்பாளர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் முதன்மையான வேலை எது என்றுதான் பார்த்தது. கடை நிர்வாகமே அவர் கையில் இருந்ததால் அவர் தோற்றார். உங்கள் நிலை வேறு. தமிழ்நாடு கடைகள் சட்டம் 41-ஆம் பிரிவு, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது. மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். முதலில் அதைப் பாருங்கள்.

மார்த்தாண்டம்: மெல்போர்னில் இருக்கும் என் தம்பியை நீக்கிவிட்டார்கள். அங்கே எப்படி?

அக்கா, அங்கே சம்பள வரம்பு உண்மையிலேயே உண்டு. 2025 ஜூலை 1 முதல் ஆண்டுக்கு 1,83,100 ஆஸ்திரேலிய டாலர். நிறுவனம் கட்டாயமாகக் கட்டும் ஓய்வூதியப் பங்கு இதில் சேராது. வரம்பைத் தாண்டியிருந்தாலும், அவர் வேலைக்கு ‘அவார்டு’ (அந்தத் துறைக்கான குறைந்தபட்ச ஊதிய, பணி விதிகள்) அல்லது நிறுவன ஒப்பந்தம் பொருந்தினால் வழக்குப் போடலாம். புகார் கொடுத்ததற்காக நீக்கினார்கள் என்றால், அதற்கான தனி வழியில் வரம்பே கிடையாது. இரண்டுக்கும் 21 நாள்தான். இன்றைக்கே தம்பிக்குப் போன் போடுங்கள்.

குளச்சல்: நான் நிஜமாகவே மேலாளர்தான். பன்னிரண்டு வருட சர்வீஸ். ஒன்றும் கிடைக்காதா?

சிவில் நீதிமன்றம் போகலாம். தனியார் வேலையில் திரும்பச் சேர்க்கச் சொல்லி உத்தரவு வாங்குவது அரிது. பெரும்பாலும் நோட்டீஸ் காலச் சம்பளத்தோடு முடியும். ஆனால் பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) பதவியும் சம்பளமும் தடையில்லை. ஐந்து வருடம் முடித்தாலே உரிமை வந்துவிடும். அதை எழுத்தில் கேளுங்கள். ராஜினாமாக் கடிதம் நீட்டினால் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.