மேல் எண் மட்டும் ஏறினால்: பிபி கேள்வி பதில்

கேள்வி: வயது 66. எப்போது பார்த்தாலும் 158/74. கீழே சரியாகத்தானே இருக்கிறது, விட்டுவிடலாமா சிஸ்டர்?

பதில்: விடாதீர்கள். இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது உள்ள அழுத்தம் மேல் எண். தளர்ந்திருக்கும்போது உள்ளது கீழ் எண். இளவயதில் பெருந்தமனி, அதாவது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய், ரப்பர் குழாய் மாதிரி. ரத்தம் பாயும்போது விரிந்துகொடுக்கும், அப்புறம் மெல்லச் சுருங்கி ஓட்டத்தைத் தாங்கும். வயதாக ஆக விறைத்துப்போகும். விரியாததால் மேல் எண் ஏறுகிறது, திரும்பச் சுருங்காததால் கீழ் எண் இறங்குகிறது. உங்களுக்கு இடைவெளியே 84. அந்த 74-ஐப் பார்த்து நிம்மதி அடைய ஒன்றுமில்லை. 1991-இல் வெளிவந்த ஷெப் (SHEP) என்ற மருத்துவ ஆய்வில், 60 வயது தாண்டி, மேல் எண் மட்டும் 160-க்கு மேல் இருந்தவர்களுக்கு மாத்திரை கொடுத்தார்கள். பக்கவாதம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: அளக்க அளக்க எண் மாறுகிறது. மெஷின் கெட்டுவிட்டதா?

பதில்: பெரும்பாலும் மெஷின்மேல் தப்பு இருக்காது. ஒருவர் 164 என்று பதறி வந்தார். எப்படி அளந்தீர்கள் என்று செய்துகாட்டச் சொன்னேன். சட்டைக் கையைச் சுருட்டி இறுக்கி, கால்மேல் கால் போட்டு, போனில் பேசிக்கொண்டே பட்டனை அமுக்கினார்! சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, முதுகு சாய்த்து, பாதம் தரையில் பட, கையை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் வைத்து, 5 நிமிடம் பேசாமல் உட்காரவைத்தேன். 141. ஒரு நிமிடம் விட்டு இரண்டு முறை எடுத்து, சராசரியைக் குறித்துவையுங்கள். வீட்டில் எடுக்கும் சராசரி 135/85-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டியதுதான்.

கேள்வி: மூட்டுவலிக்கு ஐபுப்ரோஃபென் போடுகிறேன். பரவாயில்லையா?

பதில்: அது பிபியை ஏற்றும், பிபி மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். டாக்டரிடம் சொல்லி மாற்றுங்கள். மூக்கடைப்பு மாத்திரைகள் சிலவும் இப்படித்தான்.

கேள்வி: மாத்திரை தொடங்கியதிலிருந்து எழுந்தால் தலைசுற்றல். நிறுத்திவிட்டேன்.

பதில்: நீங்களாக நிறுத்தியது தவறு. உட்கார்ந்து ஒருமுறை, எழுந்து நின்று 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் அளந்து பாருங்கள். மேல் எண் 20 இறங்கினால் அந்தக் கணக்கோடு டாக்டரிடம் போங்கள், அளவை மாற்றித் தருவார்.

கேள்வி: உப்பு?

பதில்: நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக. பொட்டாசியம் கலந்த மாற்று உப்பைச் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் தொடவேண்டாம்.

கேள்வி: திடீரென 190 காட்டினால்?

பதில்: 5 நிமிடம் ஓய்வெடுத்து மறுபடி அளக்கவும். வேறு தொந்தரவு இல்லையென்றால் அன்றே டாக்டரிடம் பேசுங்கள், கூடுதல் மாத்திரை போடாதீர்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், பேச்சுக் குழறல், கை கால் வலுவிழப்பு இருந்தால் இரண்டாவது முறை அளந்துகொண்டிருக்காதீர்கள். உடனே ஆம்புலன்ஸ்.