வேப்பிலை வெள்ளியைக் கிணற்றுக்குள் விடலாமா?

கேள்வி: வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலுக்குள் வேப்பிலைச் சாறு விட்டு வெள்ளி நனோ துணிக்கை, அதாவது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள், செய்து பார்த்தேன். காய்ச்சி வடித்த நீரில் செய்தபோது மண்ணிறமாக வந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் செய்தபோது பால் மாதிரிக் கலங்கிவிட்டது. ஏன் சேர்? இந்தத் துணிக்கைகளைக் கிணற்றுக்குள் விட்டால் தண்ணீர் சுத்தமாகுமா?
— உயர்தர மாணவி, முள்ளியவளை

பதில்: பிள்ளை, முதலில் அந்தக் கலங்கலைப் பார்ப்போம். எனக்கு மண்ணிறத்தைவிட அதுதான் பிடித்திருக்கிறது. உங்கள் கிணற்றிலுள்ள குளோரைட்டு, வெள்ளி அயனைப் பிடித்து வெள்ளிக் குளோரைட்டாக வீழ்படிய வைத்திருக்கிறது. கொஞ்சத்தை வெயிலில் வையுங்கள், ஊதா கலந்த சாம்பல் நிறமாகும். புதிதாக வந்த கலங்கலில் கொஞ்சத்தை வேறு குழாயில் எடுத்து, ஐதான அமோனியாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் தெளியும். ஒரு வெள்ளி அயனை இரண்டு அமோனியா மூலக்கூறுகள் பிடித்துக்கொண்டு கரையக்கூடிய சிக்கல் அயனாகிவிடும் (நடுவில் உலோக அயன், அதைச் சுற்றி வேறு மூலக்கூறுகள் ஒட்டியிருக்கும் அயன்). ஐதான நைத்திரிக்கமிலம் விடுங்கள், வெள்ளை திரும்பி வரும். இதை ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போதுதான் செய்ய வேண்டும். அமோனியா சேர்ந்த வெள்ளிக் கரைசலை ஒருநாளும் போத்தலில் மூடி வைக்கக் கூடாது, நாள்பட்டால் வெடிக்கும் பொருள் உண்டாகும். அன்றே அமிலம் விட்டு முடித்துவிடுங்கள்.

மண்ணிறம் வந்தது, இலைச்சாற்றிலுள்ள பொருள்கள் வெள்ளி அயனைத் தாழ்த்தியதால், அதாவது இலத்திரன் கொடுத்து வெள்ளி உலோகமாக்கியதால். 100 நனோமீற்றருக்கும் குறைந்த வெள்ளித் துணிக்கைகள் 400 முதல் 450 நனோமீற்றர் வரையான நீல ஒளியை உறிஞ்சும், மிச்ச ஒளி மஞ்சளும் மண்ணிறமுமாகத் தெரியும். ஆனால் இலைச்சாறே நிறமுள்ளது. ஒப்பிட்டுப் பார்க்க, வெள்ளி சேர்க்காத சாறு ஒரு குழாயில் பக்கத்தில் இருந்ததா? இல்லையென்றால் திரும்பச் செய்யுங்கள்.

சரி, கிணற்றுக்குள் விடலாமா? வேண்டாம், பிள்ளை. வெள்ளி கிருமியைக் கொல்லும், உண்மைதான். தீக்காயத்துக்கு ஆஸ்பத்திரியில் பூசும் வெள்ளைக் களிம்பிலும் சல்பாடயசீனோடு சேர்ந்திருப்பது வெள்ளிதான். ஆனால் அது தோலில் பூசுவது. நீண்டகாலம் உள்ளே போனால் தோல் நீலச் சாம்பலாகி அப்படியே நின்றுவிடும். உப்புத் தண்ணீரில் துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டும் போகும்.

அப்புறம், வன்னிக் கிணறுகளில் கிருமி மட்டுமா பிரச்சினை? கேத்திலின் அடியில் வெள்ளையாகக் கல் படிகிறதே, அது கல்சியமும் மகனீசியமும். சில இடங்களில் புளோரைட்டும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் வரைதான் இருக்கலாம் என்கிறது. கொதிக்க வைத்தால் புளோரைட்டு போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். இதில் எதையும் வெள்ளித் துணிக்கை எடுக்காது.

அதனால் உங்கள் செயற்றிட்டத்தை இப்படித் திருப்பலாம். உலோக அயன்களைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ (EDTA) கரைசலால் ஊரிலுள்ள சில கிணறுகளின் வன்மையை, அதாவது அந்தக் கல்சியம், மகனீசியத்தின் அளவை, நியமித்துப் பாருங்கள் (கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பதுதான் நியமிப்பு). எரியோக்குரோம் கறுப்பு டீ என்ற காட்டி (நிறமாற்றத்தால் முடிவைக் காட்டும் சாயம்) மகனீசியத்தோடு சேர்ந்து வைன் சிவப்பாக நிற்கும். ஈடிடிஏ கடைசி உலோக அயனையும் பறித்துக்கொண்டதும் தெளிந்த நீலமாகும். இதுவும் உலோகச் சிக்கல்தான், உங்கள் வீட்டுக்கு உடனே பயன்படுகிற ஒன்று. புளோரைட்டை அளக்கப் பள்ளிக்கூடத்தில் வசதி இருக்காது. வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களிலோ கேட்டுப் பாருங்கள், ஆசிரியரின் கடிதத்தோடு போங்கள்.

வெள்ளிக் கழிவை மட்டும் கிணற்றடியில் ஊற்ற வேண்டாம், ஆய்வுகூடக் கழிவுப் போத்தலில் சேருங்கள்.