தொலைக்காட்சி வைக்கும் வரவேற்பறைக்கு எப்படி விளக்குப் போடுவது? கேள்வி பதில்

சிங்கப்பூரில் புது வீட்டுச் சாவி வாங்கியவர்களும் பழைய வீட்டைப் புதுப்பிப்பவர்களும் அனுப்பிய கேள்விகளில் பாதி, “எந்த விளக்கு வாங்கலாம்?” என்றே தொடங்குகின்றன. கடைக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். இரவில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, அறையின் எல்லா விளக்குகளையும் போட்டு, வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து அந்தக் கறுப்புத் திரையைப் பாருங்கள். அதில் தெரிகிற ஒவ்வொரு விளக்கும் படம் ஓடும்போதும் அங்கேதான் இருக்கும். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அதிலிருந்தே வருகின்றன.

பொங்கோல், நான்கறை பிடிஓ வீடு (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது வீவக, முன்பதிவு பெற்றுக் கட்டும் வீடு): அண்ணே, புதுப்பிப்புக் குத்தகையாளர் வரவேற்பறையில் எட்டு டவுன்லைட் (கூரையிலிருந்து கீழ்நோக்கி எரியும் விளக்கு), நான்கு பக்கமும் கோவ் லைட் (கூரை ஓரத்தில் மறைத்து வைக்கும் விளக்கு), நடுவில் மின்விசிறி என்று வரைபடம் கொடுத்திருக்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

வேண்டாம் தம்பி. அந்த வரைபடத்தைச் சோபா எங்கே, திரை எங்கே என்று பார்க்காமலே வரைந்திருக்கிறார்கள். சோபாவுக்கு மேலும் பின்னும் உள்ள விளக்குகள்தாம் திரையில் வெள்ளைப் புள்ளிகளாக விழும். அவற்றை எடுத்துவிடுங்கள், அல்லது தனிச் சுவிட்சில் போடச் சொல்லுங்கள். திரை இருக்கும் சுவரின் பக்கம் விழும் ஒளி உங்கள் கண்ணுக்குப் பிரதிபலிக்காது. ஆனால் விளக்கு திரைக்கு நேர் மேலே மிக அருகில் இருந்தால் படம் வெளுக்கும்.

பணம் போட வேண்டிய இடம் சுவிட்சு. சோபாப் பக்கம் ஒன்று, திரைப் பக்கம் ஒன்று, சாப்பாட்டு மேசைக்கு ஒன்று என்று மூன்றாகப் பிரித்துக் கம்பி இழுக்கச் சொல்லுங்கள். சுவர் பூசுவதற்கு முன் இது சின்ன வேலை. பிறகு செய்தால் சுவரை உடைக்க வேண்டும். எப்போது செய்தாலும் எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் தொட வேண்டும்.

கோவ் லைட் பற்றி: வீவக வீடுகளில் கூரை பெரும்பாலும் சுமார் 2.6 மீட்டர் உயரம். கோவ் லைட்டை மறைக்க இறக்கும் பொய்க்கூரைக்குக் கீழே 2.4 மீட்டராவது இருக்க வேண்டும். மிஞ்சுவது ஒரு சாண் இடம். நான்கு பக்கமும் இறக்கினால் அறை குறுகித் தெரியும். திரைச் சுவரின் மேல் மட்டும் ஒரு பெட்டி கட்டி, ஒளியை மேல்நோக்கி விட்டால் போதும். மின்விசிறியை மறக்காதீர்கள். இறக்கை சுழலும் வட்டத்துக்கு மேலே டவுன்லைட் வந்தால், இறக்கை ஒளியை வெட்டி வெட்டி அறை முழுவதும் நிழல் துடிக்கும். பத்து நிமிடத்தில் தலைவலி வரும். குளிர்சாதனம் இருந்தாலும் நாம் விசிறியை அணைப்பவர்கள் அல்லவே!

தெம்பனிஸ்: திரைக்குப் பின்னால் ஒட்டும் எல்இடி பட்டை உண்மையில் பயன் தருமா? என்ன நிறம்?

தரும். இருட்டறையில் பளீரென்ற திரையை மட்டும் பார்க்கும்போது கண் ஒவ்வொரு காட்சி மாற்றத்துக்கும் தன்னைச் சரிசெய்துகொண்டே இருக்கும். பின்சுவரில் மெல்லிய ஒளி இருந்தால் அந்தச் சிரமம் குறையும். கூடவே, திரையின் கறுப்பு இன்னும் கறுப்பாகத் தோன்றும். கண்ணுக்கு மருத்துவம் என்று விளம்பரம் சொன்னால் நம்ப வேண்டாம்.

நிறம் 6500 கெல்வின் வெள்ளை (கெல்வின் எண் குறைந்தால் ஒளி மஞ்சளாகும், கூடினால் நீலம் கலந்த வெள்ளையாகும்). படங்களுக்கு வண்ணம் சரிபார்க்கும் கூடங்களில் டி65 என்ற, ஏறக்குறைய இதே வெள்ளையைத்தான் அளவுகோலாக வைக்கிறார்கள். சுற்றொளி மஞ்சளானால் திரை நீலம் பூசியதுபோல் தெரியும். விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்று சொல்லும் நிறத்திறன் எண், அதாவது சிஆர்ஐ, 90-க்கு மேல் இருக்கட்டும். பிரகாசம் திரை காட்டும் வெள்ளையில் பத்தில் ஒரு பங்கு போதும். பட்டை இருப்பதே கவனத்துக்கு வரக்கூடாது. சுவர் பீச் நிறமாகவோ பச்சையாகவோ இருந்தால் 6500 வாங்கியும் பயனில்லை. வெள்ளை அல்லது சாம்பல் சுவரே இதற்குச் சரி.

அளவைச் சொல்கிறேன். 55 அங்குலத் திரையின் மேல் விளிம்பிலும் இரு பக்க விளிம்பிலும் ஒட்ட சுமார் 2.6 மீட்டர் தேவை. 65 அங்குலத்துக்கு 3 மீட்டருக்குச் சற்று மேல். விளிம்பிலிருந்து நான்கு விரல் உள்ளே ஒட்டுங்கள். தொலைக்காட்சியின் யூஎஸ்பி துளையில் செருகினால் திரையோடு சேர்ந்து எரியும், அணையும். ஆனால் பல துளைகள் 5 வோல்ட்டில் அரை ஆம்பியர்தான் தரும், அதாவது 2.5 வாட். பட்டை அதற்கு மேல் கேட்டால் தனி அடாப்டர் வையுங்கள். சுவரோடு ஒட்டிய தாங்கியில் திரை இருந்தால் ஒளி பரவ இடமிருக்காது. வெளியே இழுக்கும் தாங்கி வேண்டும்.

செங்காங்: மகன் விளையாட்டுக்காக, படத்தின் நிறத்துக்கேற்ப மாறும் விளக்கு கேட்கிறான்.

விளையாட்டுக்கு வேடிக்கையாக இருக்கும், வாங்கிக் கொடுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். எச்டிஎம்ஐ (படமும் ஒலியும் கொண்டுபோகும் கம்பி) பெட்டி வழியாக வேலை செய்யும் வகை, அந்தப் பெட்டியில் செருகிய கருவிகளின் படத்தை மட்டுமே படிக்கும். தொலைக்காட்சிக்குள்ளேயே இருக்கும் செயலிகளில் படம் பார்த்தால் விளக்கு சும்மா இருக்கும். வீட்டில் எல்லாரும் அப்படித்தான் பார்க்கிறீர்கள் என்றால், திரையைக் கேமராவால் பார்க்கும் வகையை வாங்குங்கள். நிறம் சற்றுப் பிசகும்.

ஜூரோங் வெஸ்ட்: புதிய ஓஎல்இடி (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரை) தொலைக்காட்சியில் மாலை 4 மணிக்கு மேல் கறுப்பு ஊதா கலந்த சாம்பலாகத் தெரிகிறது. பழுதா?

பழுதில்லை. உங்களுடையது கியூடி-ஓஎல்இடி, அதாவது குவாண்டம் புள்ளிகள் சேர்த்த ஓஎல்இடி வகையாக இருக்க வேண்டும். அதில் வெளிச்சத்தை விழுங்கும் போலரைசர் படலம் கிடையாது, ஆகவே அறை வெளிச்சம் பட்டால் கறுப்பு அப்படித்தான் எழும். மேற்குப் பார்த்த சன்னல் என்று நினைக்கிறேன். பூமத்தியரேகைக்கு இவ்வளவு அருகில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய 7 மணிக்குத்தான் மறையும். மூன்று மணி நேரம் உங்களைக் காய்ச்சும். விளக்கை மாற்றி எதுவும் ஆகாது. ஒளி புகாத திரைச்சீலையைக் கூரையிலிருந்து தரைவரை, சன்னலைவிட இரு பக்கமும் ஒரு முழம் அகலமாகத் தொங்கவிடுங்கள். இடுக்கு வழியாக வரும் வெயில்தான் மோசம்.

ஈசூன்: தொலைக்காட்சிக்கு நேரெதிரே பூசை மாடம். திரையில் எப்போதும் விளக்கு தெரிகிறது. சாமியை இடம் மாற்ற மாமியார் சம்மதிக்கவில்லை.

சம்மதிக்க வேண்டியதில்லை, அவர் சொல்வதே சரி. எண்ணெய் விளக்கின் சுடர் இங்கே எதிரி அல்ல. படங்களைச் சுற்றி மின்னும் வண்ணச் சரமும் மேலே வெறுமையாக எரியும் குழல்விளக்கும்தான் எதிரி. குழலை எடுத்துவிட்டு, மாடத்தின் முன் விளிம்பின் உட்புறம் 3000 கெல்வின் பட்டை ஒன்றை மறைத்து ஒட்டுங்கள். ஒளி படங்களின்மேல் விழும், பட்டை வெளியே தெரியாது. வண்ணச் சரம் தீபாவளிக்கும் விசேட நாளுக்கும் எரியட்டும். அப்படியும் தெரிந்தால் தொலைக்காட்சியைச் சற்றுத் திருப்புங்கள். திரையை 5 பாகை திருப்பினால் பிரதிபலிப்பு 10 பாகை நகரும், பெரும்பாலும் அதுவே போதும்.

உட்லண்ட்ஸ்: சுவிட்சைத் தட்டத் தட்ட மூன்று நிறம் மாறும் டவுன்லைட் போட்டோம். ஆறில் இரண்டு மட்டும் வேறு நிறத்தில் எரிகின்றன.

இந்த வகைக்கே உள்ள தொல்லை. கொஞ்ச நேரம் அணைத்து வைத்துவிட்டுப் போடுங்கள், பல தயாரிப்புகள் முதல் நிறத்துக்குத் திரும்பும். யாரும் மூன்று நிறத்தையும் பயன்படுத்துவதில்லை. அடுத்த முறை ஒரே நிறம் வாங்குங்கள்.

புக்கிட் பாத்தோக்: ஒளியைக் குறைக்கும் டிம்மர் பொருத்தியதும் விளக்குகள் துடிக்கின்றன.

பழைய இழை விளக்குகளின் பெரிய சுமைக்குச் செய்த டிம்மராக இருக்கும், அல்லது உங்கள் எல்இடி ஒளி குறைக்கத் தக்கதல்ல. பெட்டியில் அப்படி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எல்இடிக்கு என்றே வரும் டிம்மர் தனியாக இருக்கிறது.

தோ பாயோ: எழுபத்தெட்டு வயது அம்மா எங்களோடு உட்கார்ந்து நாளிதழ் படிப்பார். நாங்கள் படம் பார்க்க விளக்கை அணைத்தால் அவருக்குச் சிரமம்.

வயதான கண்ணுக்கு வெளிச்சம் அதிகம் வேண்டும், ஆனால் கூச்சம் தாங்காது. அவர் நாற்காலிக்குப் பக்கத்தில், ஒளி ஊடுருவாத மூடி போட்ட நின்ற விளக்கு ஒன்றை வையுங்கள். ஒளி நாளிதழில் மட்டும் விழ வேண்டும். இரவில் அவர் கழிப்பறைக்குப் போகும் வழியில், தரையை ஒட்டி, ஆள் நடமாட்டம் உணரும் சிறு மஞ்சள் விளக்கு இருக்கட்டும். மேல்விளக்கைத் திடீரென்று போட்டால் கண் கூசித் தடுமாறுவார். உங்கள் படத்தைவிட இது முக்கியம்.

கிளமெண்டி, வாடகை அறை: சுவரில் துளையிட அனுமதி இல்லை.

திரைக்குப் பின்னால் மேசையில் ஒரு சிறு விளக்கைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். முடிந்தது.

பிடோக்: பாலஸ்டியர் சாலைக் கடைகளில் வாங்கலாமா, இணையத்திலா? அரசாங்கம் கொடுத்த பருவநிலைப் பற்றுச்சீட்டு செல்லுமா?

டவுன்லைட்டைக் கடையில் எரியவிட்டுப் பார்த்து வாங்குங்கள். கைப்பேசிக் கேமராவை அதன்முன் பிடித்தால் கறுப்புக் கோடுகள் ஓடுகின்றனவா என்று தெரியும், ஓடினால் அது துடிக்கும் விளக்கு. பட்டையை இணையத்தில் வாங்கலாம், ஆனால் அதன் அடாப்டரில் சிங்கப்பூர்ப் பாதுகாப்புச் சின்னம் இருக்க வேண்டும். இரவு முழுவதும் மரப்பலகைக்குப் பின்னால் சூடாகிக் கிடப்பது அதுதான். 2024-இல் வீவக வீடுகளுக்குக் கொடுத்த 300 வெள்ளிப் பற்றுச்சீட்டு எல்இடி விளக்குகளுக்குச் செல்லும், பங்கேற்கும் கடைகளில் மட்டும். கல்லாவில் நிற்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.