வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கவா டிகிரி படிக்க வைத்தேன்?

அண்ணே,

போன சனிக்கிழமை, பிள்ளைகளுக்கு வேலை ஆலோசனை சொல்லும் என் அறைக்குள் வந்ததும் நாற்காலியில்கூட உட்காராமல் கேட்டீர்கள்: “வீடு வீடா போய் கேள்வி கேக்குற வேலைக்கா மேடம் பொண்ண டிகிரி படிக்க வச்சேன்? இது அந்த சென்சஸ் வேலைதானே?” அன்றைக்குக் கூட்டம் அதிகம், பாதி பதில்தான் சொன்னேன். பொண்ணுக்கு வந்திருப்பது ‘யூசர் ரிசர்ச்’ வேலை, அதாவது அரசு இணையதளத்தைப் பயன்படுத்தும் ஆட்கள் எங்கே சிரமப்படுகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் வேலை. அதைப் பற்றி மீதியை எழுதுகிறேன். பொண்ணையே படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கிளம்பும்போது நான் ஒன்று கேட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? ஸ்காலர்ஷிப்புக்கு இன்கம் சர்டிபிகேட் எடுத்த கதை. “ஒண்ணும் பிரச்சினை இல்ல, எல்லாம் கம்ப்யூட்டர்ல ஈஸியா முடிஞ்சுது” என்றீர்கள். அதோடு விட்டிருந்தால் இணையதளத்தில் குறையே இல்லை என்று எழுதியிருப்பேன். “முதல் நாள் எங்க போனீங்க? நடந்ததை அப்படியே வரிசையா சொல்லுங்க” என்று நான் கேட்ட பிறகுதான் விஷயம் வந்தது. இ-சேவை மையத்துக்கு மூன்று நடை. முதல் நடையில் ஓடிபி வரவில்லை. கேன் எண் (இ-சேவையில் விண்ணப்பிக்கிறவருக்குத் தரும் அடையாள எண்) எடுத்த காலத்தில் கொடுத்தது உங்கள் மச்சான் நம்பர், அவரோ எண்ணூரில் ஷிஃப்டில் இருந்தார். இரண்டாவது நடையில், ஆதாரில் இனிஷியல் முன்னால், ரேஷன் கார்டில் பின்னால் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது நடைக்கு அரை நாள் கூலி போச்சு.

உங்கள் பொண்ணு செய்யப்போவது இப்படிக் கேட்டு வாங்குவதைத்தான். ‘யூசர் ரிசர்ச்’ என்பது இதுதான். சென்சஸில் எல்லா வீட்டிலும் அதே கேள்வி, கடைசியில் வேண்டியது எண்ணிக்கை. இங்கே வேண்டியது அந்த மூன்று நடை. எந்த இடத்தில் ஆள் தடுக்கி விழுந்தார் என்று தெரிந்தால்தான், தளம் கட்டுகிறவர்கள் அந்தப் பக்கத்தை மாற்ற முடியும். “வெப்சைட் நல்லா இருக்கா?” என்று கேட்டால் நம் ஜனங்கள் “நல்லா இருக்குமா” என்றுதான் சொல்வார்கள். வீடு தேடி வந்த பிள்ளையை ஏன் நோகடிப்பானேன் என்று. அதனால் அபிப்பிராயம் கேட்கக் கூடாது, கடைசியாக நடந்ததைக் கேட்க வேண்டும்.

பத்து இருபது பேரைக் கேட்டு ஊருக்கே எப்படி முடிவு செய்வது என்றும் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஒரு பக்கத்தைப் பயன்படுத்திப் பார்க்கும் சோதனைக்கு ஐந்து பேர் போதும், பெரும்பாலான கோளாறு அதிலேயே தெரிந்துவிடும் என்று, இணையதளங்கள் பயன்படுத்த எளிதாக இருக்கின்றனவா என்று ஆராயும் யாக்கோப் நீல்சன் 2000-இல் எழுதினார். இத்துறையில் எல்லோரும் சொல்லும் கணக்கு அது. ஆனால் ஐவரும் ஒரே மாதிரி ஆட்களாக இருந்தால் ஏமாந்துபோவோம். வியாசர்பாடியில் கல்லூரிப் பிள்ளைகள் ஐந்து பேரைப் பார்த்துவிட்டு, காசிமேட்டில் மீன் விற்கும் அம்மாவுக்கும் அதுவே சரி என்று சொல்ல முடியாது. இன்னொன்றும் உண்டு. நம் பக்கத்தில் தளத்தைத் திறப்பது பாதி நேரம் விண்ணப்பதாரரே இல்லை. இ-சேவை மையத்து ஆபரேட்டர், பிரவுசிங் சென்டர் தம்பி, அடுத்த வீட்டுப் பிள்ளை. அவர்களையும் உட்காரவைத்துக் கேட்காவிட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

அந்த அடுத்த வீட்டுப் பிள்ளை உங்கள் வீட்டிலேயே இருக்கிறாள். தெருவில் பாதிப் பேருக்கு ஃபர்ஸ்ட் கிராஜுவேட், கம்யூனிட்டி சர்டிபிகேட் எல்லாம் போட்டுக் கொடுத்தவள் அவள்தானே? அதுதான் அவள் பலம், வில்லங்கமும் அதுதான். என் அறையில் ஒரு ஒத்திகை வைத்தேன். எங்கள் ஆபீஸைப் பெருக்கும் அக்காவிடம் போனைக் கொடுத்து, சான்றிதழ்ப் பக்கத்தைத் தேடச் சொன்னேன். அக்காவின் விரல் ‘வருவாய்த்துறை’ என்ற சொல்லின் மேல் நின்றது, நகரவில்லை. மூன்று வினாடிகூட இல்லை, “குடுங்க ஆன்ட்டி, நான் பண்றேன்” என்று உங்கள் பொண்ணு போனை வாங்கிவிட்டாள். உதவி செய்தாள், நல்ல பிள்ளை. ஆனால் அக்கா ஏன் நின்றார் என்பது அப்போது தெரியாமல் போச்சு. பிறகு நான் கேட்டால், “வருவாய்னா வரி கட்டுறது இல்ல? நமக்கு எதுக்குன்னு பாத்தேன்” என்றார். அந்த ஒரு வரிக்காகத்தான் அத்தனை பாடும். கையைக் கட்டிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு உட்காரப் பழக வேண்டும். அக்கா சொன்னதை அக்காவின் வார்த்தையிலேயே எழுத வேண்டும், திருத்தி எழுதக் கூடாது.

அவளிடம் இன்னொன்றும் சொன்னேன். நம் ஏரியாவில் நோட்டுப் புத்தகத்தோடு ஒருவர் வந்தால் குடிசைக் கணக்கு எடுக்க வந்துவிட்டார்கள், அடுத்து வீட்டை இடித்து, கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று ஊர் ஓரத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆகவே முதல் ஐந்து நிமிடம் யார் நாம், எதற்குக் கேட்கிறோம், பதிலால் ரேஷன் கார்டுக்கோ வீட்டுக்கோ ஒன்றும் ஆகாது, வேண்டாமென்றால் நடுவிலேயே நிறுத்தலாம் என்று சொல்லி, சம்மதம் வாங்க வேண்டும். ஆதார் எண்ணைக் குறிக்கக் கூடாது, கார்டைப் படம் எடுக்கவே கூடாது. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே வந்துவிட்டது. தண்ணி லாரி வரும் நேரத்திலும், கடலுக்குப் போய் வந்தவர் தூங்கும் நேரத்திலும் கதவைத் தட்டக் கூடாது என்பதற்குச் சட்டம் தேவையில்லை.

இனி உங்கள் உண்மையான கவலை: சோறு போடுமா? பிரிட்டனில் அரசு டிஜிட்டல் சேவை என்று 2011-இல் தனி அமைப்பே தொடங்கினார்கள். அங்கே யூசர் ரிசர்ச்சர் என்பது அரசு ஊழியர்களுக்குள்ளேயே ஒரு பதவி. இங்கே டிஎன்பிஎஸ்சி எழுதி இந்தப் பெயரில் வேலைக்குப் போவதை எதிர்பார்க்காதீர்கள். ஒப்பந்த நிறுவனங்கள், ஐடி கம்பெனிகளின் டிசைன் பிரிவுகள், சில தொண்டு நிறுவனங்கள் வழியாகத்தான் வேலை வரும். ஆரம்பத்தில் மூன்று மாதம், ஆறு மாதம் என்று ஒட்டுப்போட்டுத்தான் ஓடும். மேலே படிக்க நினைத்தால் ஐஐடி பம்பாய் நடத்தும் சீட் (CEED) என்ற டிசைன் நுழைவுத் தேர்வு இருக்கிறது. சைக்காலஜி படித்தாலும் எழுதலாம், மூன்று வருட டிகிரி போதும். அந்த மதிப்பெண்ணை வைத்து எம்.டெஸ். என்ற டிசைன் மேற்படிப்பில் சேரலாம்.

இப்போதைய மூன்று மாத ஒப்பந்தத்துக்குச் சரி சொல்லலாம் என்பது என் எண்ணம், சில விஷயங்கள் காகிதத்தில் இருந்தால். களத்துக்கு இரண்டு பேராகத்தான் அனுப்ப வேண்டும். ஒருத்தி கேட்க, ஒருத்தி எழுத. வேலைக்கும் அதுதான் முறை, உங்கள் பயத்துக்கும் அதுவே மருந்து. போக்குவரத்துச் செலவு யார் பொறுப்பு, ஊதியம் எந்தத் தேதியில், பெயர்களை மறைத்துவிட்டு இந்த வேலையைப் பிறகு வேறு இடத்தில் காட்டிக்கொள்ளலாமா, மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சை நம்பி இரண்டு மாதச் சம்பளத்தை விட்ட பிள்ளைகள் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

அந்தக் காகிதம் வந்ததும் கையெழுத்துக்கு முன்னால் எடுத்து வாருங்கள், பொண்ணும் வரட்டும். அதற்குள் இ-சேவை மையத்தில் கேட்டு, கேன் எண்ணில் உங்கள் சொந்த நம்பரை மாற்றிவிடுங்கள். அடுத்த வருஷமும் இன்கம் சர்டிபிகேட் கேட்பார்கள்.